நின்றுவிட்டதா, நின்ற மாதிரி தெரிகிறதா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும், பானை முழுக்க வெந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் ஒரு மின்சாரப் பொருள் எவ்வளவு சூடாகும் என்று பார்ப்பதற்கு இந்தப் பழமொழி உதவாது. எந்த நேரத்தில் தொட்டுப் பார்த்தாலும் அது அந்த நேரத்துச் சூட்டைத்தான் சொல்லும். இன்னும் ஏறுமா, இதோடு நின்றுவிடுமா என்று சொல்லாது.

"சூடு நின்றுவிட்டதா?" கேட்பதற்கு எவ்வளவு சுலபமான கேள்வி! இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஒரு பாலிடெக்னிக் மாணவன் மாட்டிக்கொண்ட கதை இது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. இன்றைக்கும் உள்ளே நுழைந்தால் லேத் சத்தம், வெல்டிங் வெளிச்சம், பெயின்ட் வாசனை எல்லாம் கலந்து வரும். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. பெயர் வேண்டாம். பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்தான் டெஸ்டிங் லேப். மே மாதம். பயிற்சிக்காக ஆவடியிலிருந்து தினமும் ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருகிற மாணவன் அவன்.

அன்று அவனுக்குக் கொடுத்த வேலை 'ஹீட் ரன்'. அதாவது டிரான்ஸ்ஃபார்மரில் முழு லோடு கொடுத்து ஓடவிட்டு, வைண்டிங் எத்தனை டிகிரி சூடாகிறது என்று பார்ப்பது. எண்ணெய் இல்லாத உலர் வகை டிரான்ஸ்ஃபார்மர். இன்சுலேஷன் பி கிளாஸ். இந்த வகைக்கு, வைண்டிங்கின் சூடு அறையின் சூட்டை விட 80 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. இந்த வித்தியாசத்தைத்தான் 'டெம்பரேச்சர் ரைஸ்' என்கிறார்கள்.

ஏன் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும், நேராக வைண்டிங் சூட்டையே பார்த்தால் ஆகாதா என்று தோன்றும். சோதனை நடக்கிற அறையும் பொருள் வேலை செய்யப் போகிற இடமும் ஒன்றல்ல என்பதுதான் காரணம். இங்கே 30 டிகிரி அறையில் சோதித்த பொருள் நாளைக்கு 40 டிகிரி அறையில் உட்காரும். பி கிளாஸ் இன்சுலேஷன் தாங்குவது 130 டிகிரி. அதில் அறைக்கு 40, ஏற்றத்துக்கு 80, வைண்டிங்குக்கு உள்ளே மற்ற இடங்களை விட அதிகமாகக் கொதிக்கிற புள்ளிக்கு 10. கூட்டினால் 130. கணக்கு அவ்வளவு இறுக்கமானது. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில் இந்தக் கணக்கில் மிச்சம் எதுவுமே இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

விடியற்காலை நாலு மணிக்கே நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். வைண்டிங்குக்குள் புதைத்த தெர்மோகப்புள் ஒன்று, அறைக்காகக் காற்றில் தொங்கவிட்ட தெர்மோகப்புள் ஒன்று. மாணவன் காலையில் வந்ததிலிருந்து மணிக்கு ஒரு முறை இரண்டையும் எழுதி, கழித்து, ரைஸ் போட்டுக்கொண்டிருந்தான்.

பத்து மணி: அறை 35, வைண்டிங் 112.8, ரைஸ் 77.8.

பதினொரு மணி: அறை 37, வைண்டிங் 115.4, ரைஸ் 78.4.

பன்னிரண்டு மணி: அறை 39, வைண்டிங் 117.7, ரைஸ் 78.7.

உலர் வகை டிரான்ஸ்ஃபார்மருக்கான ஐ.இ.சி. 60076-11 தரநிலையை அவன் படித்திருந்தான். ரைஸ் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் மாறவில்லை என்றால் சூடு நிலைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. பத்திலிருந்து பதினொன்றுக்கு 0.6 ஏறியது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு 0.3 தான். ரூல்படி நின்றாகிவிட்டது. 78.7 என்பது 80-க்குக் கீழே. பாஸ்!

முன்பக்கம் முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். ஒரு மணிக்கு லாரி வருகிறது, ரிப்போர்ட் ரெடியா என்று. மாணவன் லாக் ஷீட்டின் அடியில் 'பாஸ்' என்று எழுதி, கையெழுத்துக்காக டெஸ்டிங் பார்க்கும் பெரியவரிடம் கொண்டு போனான்.

அவர் ஷீட்டைப் பார்த்தார். ரைஸ் காலத்தைப் பார்க்கவே இல்லை. விரலை வைண்டிங் காலத்தில் வைத்தார்.

"தம்பி, இது நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு சார். ஒரு மணி நேரத்துல பாயின்ட் த்ரீதான் ஏறியிருக்கு."

"அது ரைஸ். நான் பீஸைக் கேக்கறேன்."

அப்போதுதான் கவனித்தான். வைண்டிங் கடைசி ஒரு மணி நேரத்தில் 2.3 டிகிரி ஏறியிருந்தது. நிற்கவே இல்லை. அறையும் அதே நேரத்தில் 2 டிகிரி ஏறியிருந்தது. கழித்துப் பார்த்ததால்தான் நின்ற மாதிரி தெரிந்தது.

"நீ தினமும் ஆவடியிலேருந்து டிரெயின்லதானே வர்ற? பக்கத்து டிராக்ல எக்ஸ்பிரஸ் ஒண்ணு அதே ஸ்பீடுல வந்தா எப்படித் தெரியும்?"

"நிக்கற மாதிரி தெரியும் சார்."

"ரெண்டும் ஓடிட்டுத்தான் இருக்கு. நடுவுல இருக்கிற இடைவெளி மாறல. அவ்வளவுதான்."

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகிற தடத்தில் தினமும் போய்வருகிற எவருக்கும் இது புரியும். ஆனால் மாணவனுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. இடைவெளி மாறவில்லை என்றால் நல்லதுதானே? ரைஸ் என்பதே அந்த இடைவெளிதானே? அறை ஏறினால் வைண்டிங்கும் கூடவே ஏறுவது நியாயம்தானே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

சுவிட்சைப் போட்டதும் வைண்டிங்கில் உண்டாகும் சூடு முழுக்க அந்தச் செம்பையும் இரும்பையும் சூடாக்குவதில் போகிறது. பொருள் சூடாகச் சூடாக, வெளிக்காற்றுக்குப் போகிற சூடு அதிகமாகிறது. கடைசியில் உள்ளே உண்டாவதும் வெளியே போவதும் சமமாகிறது. அதற்கு மேல் ஏறாது. சூடான பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்துத்தான் வெளியேறும் சூடு இருக்கும் என்று நியூட்டன் 1701-லேயே எழுதிவிட்டார்.

இப்படி ஏறுவது நேர்க்கோடாக இருக்காது. முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் ஏறும். ஒவ்வொரு பொருளுக்கும் 'டைம் கான்ஸ்டன்ட்' என்று ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் மொத்த ஏற்றத்தில் 63 சதவீதம் ஏறிவிடும். அதைப் போல இரண்டு மடங்கு நேரத்தில் 86 சதவீதம், மூன்று மடங்கில் 95, நான்கில் 98, ஐந்தில் 99. நூறு மட்டும் வரவே வராது! அதனால்தான் 'நின்றுவிட்டது' என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இயற்கை அதைத் தானாக அறிவிப்பதில்லை.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு அழகான சூத்திரம் கிடைக்கிறது. பொருள் இப்போது ஏறிக்கொண்டிருக்கும் வேகத்தை டைம் கான்ஸ்டன்டால் பெருக்கினால், அது இன்னும் எவ்வளவு ஏற வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மீதி = வேகம் × டைம் கான்ஸ்டன்ட். இவ்வளவுதான்.

பெரியவர் ஷீட்டின் பின்பக்கம் இதைத்தான் போட்டார். அதே மாடலை முன்பு சோதித்து ஆஃப் செய்தபோது எடுத்த கூலிங் கர்வ் அவரிடம் இருந்தது. டைம் கான்ஸ்டன்ட் சுமார் ஒன்றரை மணி நேரம். வைண்டிங்கின் வேகம் மணிக்கு 2.3 டிகிரி. பெருக்கினால் சுமார் மூன்றரை. 78.7-உடன் கூட்டினால் 82 சொச்சம். வரம்பு 80.

ஃபெயில்.

அறை ஏறிக்கொண்டே இருந்தால் ரைஸ் ஏன் குறைவாகத் தெரிகிறது என்பதும் இதில் விளங்கிவிடும். காற்று லேசானது, தகரக் கூரை சுட்டதும் உடனே சூடாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் கனமானது. அறையின் மாற்றம் அதற்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் பின்தங்குகிறது. காற்று மணிக்கு 2 டிகிரி ஏறினால் டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் 3 டிகிரி பின்தங்கியே ஓடும். அந்த 3 டிகிரியும் ரைஸில் மறைந்துபோகும். உண்மையான ரைஸ் 82 என்றால் ஷீட்டில் 79-ஐ நெருங்கி, அங்கேயே அசையாமல் நிற்கும். அறை ஏறுவதை நிறுத்தினால்தான் மறைந்தது வெளியே வரும்.

"இன்னும் நாலு மணி நேரம் ஓடட்டும்" என்றார் பெரியவர்.

"லாரி சார்..."

"லாரிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

ஒரு மணிக்கு அறை 39.5-ல் வந்து நின்றது. வைண்டிங் 119.4, ரைஸ் 79.9. இன்னும் பாஸ்தான், நூலிழையில். இரண்டு மணிக்கு 80.9. மூன்று மணிக்கு அறை லேசாக இறங்கி 39, ரைஸ் 81.8. நாலு மணிக்கு அறை 38.5, வைண்டிங் அதே 120.8, ரைஸ் 82.3. பன்னிரண்டு மணிக்குப் பேப்பரின் பின்பக்கம் எழுதிய எண் நாலு மணிக்கு முன்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு ஆஃப் செய்து, ரெசிஸ்டன்ஸ் அளந்து, சராசரி வைண்டிங் சூட்டைக் கணக்கிட்டார்கள். வரம்பு அந்தச் சராசரிக்குத்தான். அதுவும் 80-ஐத் தாண்டியே வந்தது.

இதே தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். சாயங்காலம் கடற்காற்று உள்ளே வந்து அறை வேகமாக இறங்கினால், கனமான பொருள் மெதுவாக இறங்கும். அப்போது ரைஸ் நிஜத்தை விட அதிகமாகத் தெரியும். நல்ல பீஸ்கூட ஃபெயில் ஆகலாம். ஆக, காலையில் சோதித்தால் பாஸ், மாலையில் சோதித்தால் ஃபெயில், ஒரே பீஸ்! இதற்குப் பழைய காலத்திலிருந்தே ஒரு எளிய மருந்து இருக்கிறது. அறைக்கான தெர்மாமீட்டரைச் சும்மா காற்றில் தொங்கவிடாமல் எண்ணெய் நிரப்பிய ஒரு குவளைக்குள் வைப்பது. எண்ணெயும் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரியே சோம்பேறி. அறை மாறினால் அதுவும் பின்தங்கியே வரும். இரண்டு சோம்பேறிகளைக் கழித்தால் சரியான விடை கிடைக்கும். அந்த ஷெட்டில் குவளை இருந்தது. அதில் யாரோ பிரஷ் போட்டு வைத்திருந்தார்கள்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளக்குச் சாதனங்களுக்கான ஐ.இ.சி. 60598 மணிக்கு ஒரு டிகிரிக்குக் குறைவு என்கிறது. மருத்துவக் கருவிகளுக்கான 60601-1 ஒரு மணி நேரத்தில் 2 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்கிறது. டிவி, கம்ப்யூட்டர், சார்ஜர் வகைகளுக்கான 62368-1 அரை மணி நேரத்தில் 3 டிகிரி வரை விடுகிறது. எண்ணெய் நிரப்பிய பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு, மணிக்கு ஒரு டிகிரிக்குக் கீழே வந்த பிறகும் மூன்று மணி நேரம் அப்படியே காத்திருக்க வேண்டும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் போன்ற வீட்டுச் சாமான்களுக்கான 60335-ஓ பல இடங்களில் 'நிலையான நிலை வரும் வரை' என்று சொல்லிவிட்டு, எண் எதுவும் தராமல் நகர்ந்துவிடுகிறது. அதைத் தழுவியதுதான் நம் ஊர் ஐ.எஸ். 302.

ஏன் இப்படி ஆளுக்கொரு எண் என்று எரிச்சல் வரும். மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், எரிச்சல் போய்விடும். கைக்குள் அடங்குகிற ஒரு சார்ஜருக்கு டைம் கான்ஸ்டன்ட் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு 3 டிகிரி என்றால் மணிக்கு 6. மூன்றில் ஒரு மணி நேரத்தால் பெருக்கினால் மீதி 2 டிகிரிதான். டைம் கான்ஸ்டன்ட் மூன்று மணி நேரம் உள்ள எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரோ மணிக்கு ஒரே ஒரு டிகிரி ஏறினாலும் இன்னும் 3 டிகிரி பாக்கி வைத்திருக்கிறது. வேகமாக ஏறுகிற சின்னப் பொருள் சீக்கிரம் முடித்துவிடும். ஆமை மாதிரி ஏறுகிற பெரிய பொருளைத்தான் சந்தேகப்பட வேண்டும். 62368-1-இல் இன்னொரு சலுகையும் உண்டு. ரீடிங் வரம்பை விடப் பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறவில்லை என்பதே போதும். கரையிலிருந்து தூரமாக இருப்பவன் ஒவ்வொரு அடியையும் அளக்க வேண்டியதில்லை. கரையோரம் நிற்பவன் அளந்தே ஆக வேண்டும். மாணவனின் பீஸ் கரையில்தான் நின்றிருந்தது.

அயர்ன் பாக்ஸ் கதை வேறு. தெர்மோஸ்டாட் சூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பதால் அது நிற்பதே இல்லை. அங்கே உச்சங்களை மட்டும் எடுத்து, அடுத்தடுத்த உச்சங்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கரன்ட் போனால் என்ன ஆகும்? 2012-இல் சென்னையிலேயே தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அந்த மாதிரி நாட்களில் ஒரு முழு ஹீட் ரன் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேர டைம் கான்ஸ்டன்ட் உள்ள பீஸில் ஒரு மணி நேரம் கரன்ட் போனால் ஏறிய சூட்டில் பாதி போய்விடும். திரும்ப முக்கி முக்கி ஏற வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறினால் வோல்டேஜ் மாறும், வோல்டேஜ் மாறினால் சூடும் மாறும்.

கடைசியாக, பலரும் கேட்கிற கேள்வி. இரண்டு டிகிரி! அதற்காக ஒரு லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டுமா?

மாணவனும் அன்று சாயங்காலம் அதையே கேட்டான். இன்சுலேஷன் சூட்டில் மெதுவாகத்தான் கெடும். எட்டிலிருந்து பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்று மாண்ட்சிங்கர் என்ற பொறியாளர் 1930-இல் டிரான்ஸ்ஃபார்மர்களை வைத்துச் சொன்னார். அந்தக் கணக்கில் 2 டிகிரி என்றால் ஆயுளில் ஏழில் ஒரு பங்கு போல. நாளைக்கே தீப்பிடித்துவிடாது. வாங்கியவருக்கு ஒருவேளை தெரியாமலேகூடப் போகலாம்.

பெரியவர் அதை மறுக்கவில்லை. "ரெண்டு டிகிரியில ஒண்ணும் ஆவாதுன்னு நீ சொல்லலாம். அப்போ வரம்பு 82-ன்னு எழுதி, கஸ்டமர் கிட்ட கேட்டுட்டு அனுப்பு. 78.7-ன்னு எழுதி அனுப்பாத. அப்படி ஒரு சூடு இந்த பீஸ்ல வழியில வந்து போச்சே தவிர, நிக்கல."

அந்த ரிப்போர்ட் ஃபெயில் என்றே போனது. முதலாளி கத்தினார். லாரி காலியாகத் திரும்பியது. பெட்டியின் மேல்பக்கக் காற்றுத் துளைகளைப் பெரிதாக வெட்டி, மறுவாரம் திரும்பவும் ஹீட் ரன் போட்டார்கள். இந்தத் தடவை இரவில், அறை அசையாத நேரத்தில், எண்ணெய்க் குவளையோடு. பாஸ் ஆனது. அந்த ஒரு வாரத்துக்கான நஷ்டம் கம்பெனிக்கு நிஜமாகவே நஷ்டம்தான். அதை யாரும் திருப்பித் தரவில்லை.

கம்பெனியின் லாக் ஷீட்டில் அதுவரை நாலு காலம்தான் இருந்தன: நேரம், அறை, வைண்டிங், ரைஸ். பயிற்சி முடிவதற்குள் மாணவன் ஸ்கேல் வைத்து ஐந்தாவது ஒன்று போட்டான். தலைப்பு: 'பீஸ் ஒரு மணி நேரத்தில் ஏறியது'. அந்தக் காலம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வராதவரை, மற்ற நாலு காலமும் என்ன சொன்னாலும் இப்போது அங்கே யாரும் சுவிட்சை அணைப்பதில்லை.